வெளியே திரியும் பூனைக்கு லுகேமியா ஊசி: டெல்டாவில் வாங்கலாமா, வேண்டாமா?

பூனையின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் ‘நோபிவாக் ட்ரைகேட் ட்ரையோ’ என்றோ ‘ஃபெலிஜென் சிஆர்பி’ என்றோ இருந்தால், போட்டது மூன்று நோய்க்கான ஊசி: பேன்லுகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி. பேன்லுகோபீனியாவில் ஒரு ‘லுகோ’ ஒட்டிக்கொண்டிருப்பதால் லுகேமியாவுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அது வேறு, இது வேறு. பேன்லுகோபீனியா பார்வோ வகை வைரஸ். குட்டியை வாந்தியிலும் பேதியிலும் சில நாளில் சாய்த்துவிடும். லுகேமியா வைரஸ் அப்படி அவசரப்படாது. உடம்பின் அணுக்களுக்குள் புகுந்து, அவற்றின் மரபணுவிலேயே தன்னை எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இரத்தசோகை, புற்றுநோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று ஒவ்வொன்றாகக் காட்டும். மூன்று நோய் ஊசி இதைத் தடுக்காது. லுகேமியா ஊசியைத் தனியாகக் கேட்டு, தனியாகப் போட வேண்டும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு வயதுக்குள் இருக்கும், வெளியே போகப்போகிற குட்டிக்கு லுகேமியா ஊசி வாங்கத் தகுந்தது. வளர்ந்த பூனைக்கு, அது யாரோடு பழகுகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் ரேபிஸ் ஊசியும் மூன்று நோய் ஊசியும் கருத்தடையும் முடியாத பூனைக்கு லுகேமியா ஊசியைத் தேடி அலைவது வரிசை தப்பிய செலவு. இரத்தச் சோதனை செய்யாமல் லுகேமியா ஊசி போடுவதும் வீண் செலவுதான்.

பூனை எங்கே போகிறது

லுகேமியா வைரஸ் பரவும் வழி தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். முக்கிய வழி எச்சில். ஒன்றை ஒன்று நக்கிக்கொள்ளும் பூனைகள், ஒரே தட்டில் தின்னும் பூனைகள், தாயிடமிருந்து வயிற்றிலேயோ பாலிலேயோ வாங்கிக்கொள்ளும் குட்டிகள், இவைதான் அதிகம் மாட்டுகின்றன. கடியிலும் பரவும். ஆனால் இதைச் ‘சண்டை நோய்’ என்பதைவிட ‘சிநேக நோய்’ என்பதுதான் பொருத்தம். கடுவன்களின் சண்டைக் கடியில் முக்கியமாகப் பரவுவது இன்னொரு வைரஸ், பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘என் பூனை சண்டைக்கே போகாது, அதனால் பயமில்லை’ என்று சொல்வது தவறு. தெருப் பூனைகளோடு ஒட்டி உறவாடும் சாதுவான பூனைக்குத்தான் லுகேமியா வைரஸ் வர வாய்ப்பு அதிகம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. இந்த வைரஸ் வெளியே வந்தால் தாங்காது. காய்ந்தால் சில மணி நேரத்தில் சாகும், சோப்புத் தண்ணீரிலேயே சாகும். வாசற்படியில், மண்ணில், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வராது. பேன்லுகோபீனியா வைரஸ் இதற்கு நேர் எதிர். செத்துப்போன குட்டி படுத்திருந்த சாக்கிலும் தரையிலும் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கக்கூடியது. சாதாரண ஃபினாயிலுக்கு அது மசியாது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும். அதனால்தான் ஊசி வரிசையில் அதற்கு முதலிடம்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் பார்ப்போம். டெல்டாவில் பூனை வளர்ப்பது என்றால் பெரும்பாலும் எலிக்காகத்தான். சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வயல் வெறிச்சோடும்போது எலிகள் களத்துக்கும் குதிருக்கும் கொள்முதல் நிலையத்து மூட்டைகளுக்கும் நகர்கின்றன. பூனைகளும் அங்கேதான் கூடுகின்றன. ரைஸ் மில் பின்புறம், மாட்டுக் கொட்டகை, நாகப்பட்டினம் துறைமுகம் மாதிரி மீன் இறங்கும் இடம், இங்கெல்லாம் பத்துப் பூனைக்கு ஒரு தட்டு என்ற கதைதான். வைக்கோற்போரில் குட்டி போட்ட பெட்டை, பரணில் குட்டி போட்ட இன்னொன்றின் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கும். லுகேமியா வைரஸுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

வயல் நடுவில் தனி வீடு, சுற்று வட்டாரத்தில் இரண்டே பூனை, உங்கள் பூனைக்கு ஐந்து வயது, கருத்தடை ஆனது என்றால் கணக்கே மாறுகிறது. வயது ஏற ஏறப் பூனைக்கு இந்த வைரஸை எதிர்க்கும் திறன் இயல்பாகவே கூடுகிறது. முழுக்கத் தப்பிவிடும் என்று அர்த்தம் இல்லை; குட்டிகள் விழுவதைப் போல வளர்ந்தவை எளிதில் விழுவதில்லை. உலக அளவில் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல்களும் இப்படித்தான் பிரிக்கின்றன. 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு வயதுக்குட்பட்ட எல்லாப் பூனைக்கும் லுகேமியா ஊசியை அவசியம் என்கிறது. வளர்ந்த பூனைக்கு ஆபத்தைப் பார்த்துப் போடச் சொல்கிறது. 2024-ல் வந்த உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், இந்த நோய் உள்ள பகுதிகளில் ஒரு வயதுக்குட்பட்டவற்றுக்கும் வெளியே போகும் வளர்ந்தவற்றுக்கும் போடச் சொல்கிறது.

முதலில் இரத்தச் சோதனை

ஏற்கெனவே வைரஸ் உள்ள பூனைக்கு லுகேமியா ஊசி போட்டால் ஒரு பலனும் இல்லை. கெடுதலும் பெரிதாக இல்லை. ஆனால் ஊசி போட்ட நிம்மதியில் அந்தப் பூனையை மற்றவற்றோடு விட்டுவிடுவார்கள், கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆகவே சோதனை இல்லாமல் ஊசி போட முன்வரும் இடத்தில் ‘சோதித்துவிட்டுப் போடலாமே டாக்டர்’ என்று தயங்காமல் கேளுங்கள்.

கிளினிக்கிலேயே செய்யும் சோதனை அட்டைகளில் அதிகம் அறியப்பட்டது ஐடெக்ஸ் நிறுவனத்தின் ஸ்நாப் காம்போ. லுகேமியா வைரஸின் பி27 என்ற புரதத்தையும் எஃப்ஐவிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியையும் ஒரே அட்டையில் காட்டும். வேலை எளிது. உறையாமல் எடுத்த இரத்தம் மூன்று சொட்டு, உடன் வரும் கரைசல் நான்கு சொட்டு, குழாயை மெதுவாகச் சாய்த்துக் கலந்து அட்டையின் குழியில் ஊற்ற வேண்டும். திரவம் ஊர்ந்து போய் வட்டத்தில் முதல் நிறம் தெரிந்ததும் மேல்மூடியை ‘டக்’கென்று அழுத்த வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும். மேலே இருக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளி நீலமாக வரவில்லை என்றால் அட்டையே செல்லாது, குப்பையில் போட வேண்டியதுதான். மற்றப் புள்ளிகளில் லேசான நீலம் தெரிந்தாலும் அது பாசிட்டிவ். ‘கொஞ்சம்தான் தெரியுது, பரவாயில்லை’ என்று ஒரு முடிவு கிடையாது.

இந்த அட்டையில் தப்பு நடக்கும் இடங்கள் சில. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, பயன்படுத்துவது முதல் தவறு. அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் விட வேண்டும். இரண்டாவது, நேரம் பார்க்காமல் வேறு மாட்டைக் கவனிக்கப் போய்விட்டு அரை மணி கழித்து வந்து படிப்பது. மூன்றாவதுதான் பெரியது: நெகட்டிவ் வந்ததும் கதை முடிந்தது என்று நினைப்பது. வைரஸ் உடம்பில் நுழைந்து பி27 இரத்தத்தில் தெரிய சுமார் ஒரு மாதம் ஆகும். நேற்று வைக்கோற்போரிலிருந்து தூக்கி வந்த குட்டிக்கு இன்று நெகட்டிவ் வந்தால், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் நம்பலாம்.

பாசிட்டிவ் வந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். நன்றாகத் தின்று விளையாடும் பூனைக்குப் பாசிட்டிவ் வந்தால் சில சமயம் அது பொய்யாகவும் இருக்கும். இன்னொரு அட்டையில் பார்ப்பது, ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் இரத்தம் எடுத்துப் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவது, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது என்று வழி இருக்கிறது. சில பூனைகளின் உடம்பு வைரஸை இரத்தத்திலிருந்து விரட்டி, மரபணுவுக்குள்ளேயே அடக்கிவைத்துவிடும். அவை பல வருடம் நன்றாக வாழும். ஒரே ஒரு அட்டையின் நீலப் புள்ளியைப் பார்த்து ‘கருணைக் கொலை’ என்று பேசும் இடத்தில் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த முடிவை எடுக்க அந்த அட்டைக்கு அருகதை இல்லை.

எஃப்ஐவி புள்ளிக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அது பாசிட்டிவ் காட்டினால் தாய்ப்பாலில் வந்த ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். ஆறு மாதம் தாண்டி மறுபடி பார்க்க வேண்டும். லுகேமியா புள்ளி ஆன்டிபாடியைப் பார்ப்பதில்லை, வைரஸின் புரதத்தையே பார்க்கிறது. அதனால் லுகேமியா ஊசி போட்டதால் பின்னாளில் சோதனையில் பாசிட்டிவ் வராது. குட்டி வயதிலேயே சோதிக்கவும் தடை இல்லை.

ஊசிகளின் தரம்

லுகேமியா ஊசி 1985-ல் அமெரிக்காவில் முதன்முதலில் வந்தது. இன்று உலகில் இருப்பவை மூன்று விதம்: முழு வைரஸைக் கொன்று செய்தவை, வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் வைத்துச் செய்தவை, கேனரி பறவையின் அம்மை வைரஸில் லுகேமியா மரபணுவை ஏற்றிச் செய்தவை. மூன்றாவது வகைக்கு ‘ப்யூர்வேக்ஸ்’ ஓர் உதாரணம். அதில் ஊக்கிப் பொருள், அதாவது அட்ஜுவன்ட், சேர்ப்பதில்லை. எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். வைரஸ் உடம்புக்குள் நுழைவதை நூற்றுக்கு நூறு தடுக்காது. நுழைந்தது நிலையாகக் குடியேறி இரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் நிலைக்குப் போகாமல் தடுக்கும். உயிரை எடுப்பது அந்த நிலைதான். அதற்குப் போன பூனைகளில் பெரும்பாலானவை சில வருடங்களில் இறந்துவிடுகின்றன. ஆகவே ‘முழுசாத் தடுக்காத ஊசி எதுக்கு’ என்ற வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை.

எட்டு வார வயதிலிருந்து போடலாம். மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது. இந்த இரண்டாவதைத் தவறவிட்டால் முதலாவது ஏறக்குறைய வீண். ஒரு வருடத்தில் பூஸ்டர். அதன்பின் கூட்டத்தில் திரியும் பூனைக்கு ஆண்டுதோறும், ஒதுங்கி வாழும் பூனைக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

ட்ரைகேட் ட்ரையோ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் கையில் கடைசியில் வந்து சேர்வது அதுதான். உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ்கள் உறைபதனமாக ஒரு சின்னக் குப்பியில் வெள்ளை வில்லை மாதிரி இருக்கும். கூடவே ஒரு மில்லி கரைப்பான் குப்பி. கரைப்பானை சிரிஞ்சில் இழுத்து வில்லையின் மேல் விட்டால் சில நொடியில் கரைந்துவிடும். குலுக்காமல் சுழற்ற வேண்டும். கலந்த அரை மணிக்குள் போட்டுவிட வேண்டும். இதில் நடக்கும் பெரிய தவறு ‘குட்டிதானே, பாதி போதும்’ என்பது. கிடையாது. ஊசிக்கு எடைக் கணக்கு இல்லை, ஒன்றரைக் கிலோ குட்டிக்கும் ஐந்து கிலோ கடுவனுக்கும் முழு ஒரு மில்லி. பாதியை இந்தக் குட்டிக்கும் மீதியை அதன் தம்பிக்கும் போடுகிற சிக்கனத்தில் இரண்டுக்கும் பாதுகாப்பு இல்லை.

பேன்லுகோபீனியாவுக்கு இந்த ஊசி மிக நல்லது, மனமார மதிப்பெண் கொடுக்கலாம். ஹெர்பிஸ், கேலிசி இரண்டுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. சளி, கண் பொங்குதல், வாய்ப்புண் வந்தாலும் கடுமை குறையும், அவ்வளவுதான். கேலிசியில் வகைகள் ஏராளம். ஊசியில் இருப்பது ஒரே வகை. ஊசி போட்ட பிறகும் தும்முகிற பூனையைப் பார்த்து ‘ஊசி போலி’ என்று முடிவு கட்ட வேண்டாம். சினைப் பெட்டைக்கு மட்டும் இந்த உயிர் ஊசி ஆகாது. வயிற்றுக் குட்டிகளின் சிறுமூளை வளர்ச்சி கெட்டு, பிறந்தபின் நடக்கும்போது தள்ளாடும். வயிறு பெருத்திருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குளிர்ப்பெட்டியும் கரண்ட் கட்டும்

ஊசி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் வராமல் போனால் அது வெறும் தண்ணீர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவின் பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாட்களுக்குப் பிறகு எந்தக் கடையிலும் பழைய இருப்பிலிருந்து ஊசி வாங்கக் கூடாது. புயல் இல்லாவிட்டாலும், மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போகும் மருந்துக் கடைகள் உண்டு. வாங்குமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெப்பமானி உள்ளே இருக்கிறதா, ஊசிகள் கதவுத் தட்டில் இருக்கின்றனவா நடுத்தட்டிலா, கூல்டிரிங்க்ஸோடு சேர்த்தா என்று பார்த்தாலே அந்தக் கடையின் தரம் தெரிந்துவிடும். கேட்டதற்குக் கோபப்படும் கடையில் வாங்க வேண்டாம்.

குளிர் அதிகமானாலும் ஆபத்து. ரேபிஸ் ஊசி போன்ற கொன்ற வைரஸ் ஊசிகளில் அலுமினிய ஊக்கி சேர்ந்திருக்கும். ஒருமுறை உறைந்துவிட்டால் திரிந்து, பிறகு குலுக்கினாலும் சீராகக் கலக்காது. தஞ்சாவூரில் வாங்கி திருத்துறைப்பூண்டிக்குப் பஸ்ஸில் எடுத்துப்போவதாக இருந்தால் ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டவைத்துப் பொட்டலம் கட்டக் கூடாது. ஜெல் பேக்கைச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசிக் குப்பியை வேறொரு தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். இதைவிட நல்லது ஊசியைச் சுமந்து போகாமல் பூனையை ஊசி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது.

எங்கே போவது

உள்ளூர் மாட்டாஸ்பத்திரியை, அதாவது அரசு கால்நடை மருந்தகத்தை, முதல் படியாக வையுங்கள். மாடு, ஆடு, கோழிதான் அங்கே பிரதானம் என்றாலும் ரேபிஸ் ஊசிக்கு அது நல்ல இடம். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினம். செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம். இந்த நாட்களை ஒட்டி இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடத்துவது வழக்கம். பல டோஸ் கொண்ட பெரிய குப்பி திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டியது. ஆகவே முகாம் நாளில் புதிதாகத் திறந்த குப்பியிலிருந்து கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே ஒரு கஷ்டம், நாய்கள். குரைக்கிற கூட்டத்துக்குள் பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் கடியும் கீறலும் நிச்சயம். கூண்டை மூடி, தூர நின்று, முறை வந்ததும் உள்ளே போங்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் தனியார் செல்லப்பிராணி கிளினிக்குகள் இருக்கின்றன. மூன்று நோய் ஊசிக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கும். லுகேமியா ஊசிக்கும் சோதனை அட்டைக்கும் முதலிலேயே போன் போட்டு, பேர் சொல்லிக் கேட்டு, கிடைக்குமென்றால் வரவழைத்து வைத்துவிட்டுப் போங்கள். ‘கேட் வேக்சின் இருக்கா’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும், அது மூன்று நோய் ஊசியாக இருக்கும். லுகேமியா வைரஸின் ஆங்கிலச் சுருக்கத்தைச் சொல்லி, ‘எஃப்இஎல்வி வேக்சின் இருக்கா, எஃப்இஎல்வி டெஸ்ட் கிட் இருக்கா, எக்ஸ்பைரி எப்போ’ என்று கேளுங்கள். பில்லில் ஊசியின் விலை தனி, டாக்டர் கட்டணம் தனி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிக்கலான பூனை, அதாவது ஈறு வெளுத்து மெலிந்துகொண்டே போகிறது, சோதனையில் குழப்பமான முடிவு வந்திருக்கிறது என்றால் ஒரத்தநாடு. 2012-ல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். மாணவர்களோடு பேராசிரியர்களும் பார்ப்பார்கள் என்பதால் நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குப் பலன் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், பழைய அட்டை, பில், சோதனை அட்டையின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு. ஈறு வெளுப்பு என்றதும் லுகேமியா என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டாம். நம் பக்கம் தெள்ளுப்பூச்சியும் குடற்புழுவுமே ஒரு குட்டியின் இரத்தத்தை உறிஞ்சி ஈறை வெள்ளைக் காகிதம் மாதிரி ஆக்கிவிடும்.

பூனையைக் கொண்டுபோவதற்கு மீன் கூடையும் கட்டைப்பையும் சரிவராது. பஸ் ஹாரன் ஒன்று போதும், பூனை பையைக் கிழித்துக்கொண்டு ஸ்டாண்டிலேயே மறைந்துவிடும். பிளாஸ்டிக் கூண்டு இல்லாவிட்டால் காய்கறி டிரே இரண்டை வாய்க்கு வாய் வைத்து நான்கு மூலையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே பழைய துண்டு ஒன்று, அதன் வாசனை உள்ளதாக. மேலே ஒரு லுங்கியைப் போட்டு மூடினால் பாதி சத்தம் அடங்கும். ஊசி போடும்போது அந்தத் துண்டாலேயே தலையும் ஒரு காலும் மட்டும் வெளியே தெரியும்படி சுற்றிக்கொள்ளலாம்.

மூன்றே பயணத்தில் முடிக்கும் திட்டம்

கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். எட்டு வார வயதில் முதல் பயணம்: லுகேமியா சோதனை, நெகட்டிவ் என்றால் லுகேமியா ஊசி முதல் டோஸ், மூன்று நோய் ஊசி முதல் டோஸ். குடற்புழு மருந்தை ஒரு வாரம் பத்து நாள் முன்பே, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்து முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வாரம் இரண்டாம் பயணம்: லுகேமியா மறு சோதனை, லுகேமியா இரண்டாம் டோஸ், மூன்று நோய் இரண்டாம் டோஸ், ரேபிஸ். பதினாறாம் வாரம் மூன்றாவது: மூன்று நோய் ஊசி மட்டும். தாய்ப்பாலில் வந்த ஆன்டிபாடி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியின் வேலையைக் கெடுக்கும். அதனால்தான் பதினாறு வாரம் ஆனபின் ஒரு டோஸ் கட்டாயம். பலர் பன்னிரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குட்டிகள் ஐந்தாம் மாதத்தில் பேன்லுகோபீனியாவில் விழும்போதுதான் காரணம் புரிகிறது. அந்த மூன்றாம் பயணத்திலேயே கருத்தடைக்கும் நாள் குறித்துவிடுங்கள். பெட்டைக்கும் கடுவனுக்கும் ஐந்து மாதத்துக்குள் முடிந்தால் அலைச்சலும் சண்டையும் குறையும், வைரஸ் வரும் வழியும் குறையும்.

இரண்டாவது லுகேமியா டோஸ் போட்டு இரண்டு மூன்று வாரம் ஆகும்வரை குட்டியை வெளியே விடாதீர்கள். வாசலில் எல்லாப் பூனைக்கும் பழைய சோறும் மீன் தலையும் வைக்கும் அந்த அலுமினியத் தட்டு நல்ல மனசோடு வைப்பதுதான், எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் பூனைக்கு வீட்டுக்குள் தனித் தட்டு வையுங்கள். வெளித் தட்டைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். இந்த வைரஸுக்கு அது போதும்.

எந்தக் காலில், அதன் பிறகு என்ன

ஊசி போடும் இடத்தைக் கேட்டுப் போடச் சொல்வது உங்கள் உரிமை. பூனைகளுக்கு மிக அரிதாக ஊசி போட்ட இடத்தில் சார்கோமா என்ற புற்றுக்கட்டி வரும். தோளுக்கு நடுவில் வந்தால் அறுத்து எடுப்பது மிகக் கடினம். காலின் கீழ்ப்பகுதியில் வந்தால் காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம். அதனால் லுகேமியா ஊசி இடது பின்னங்காலில், ரேபிஸ் வலது பின்னங்காலில், மூன்று நோய் ஊசி வலது முன்னங்காலில், எல்லாம் முட்டிக்குக் கீழே என்று அமெரிக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஒரு முறை இருக்கிறது. டாக்டர் பழக்கத்தில் பிடரித் தோலைத் தூக்கினால், ‘காலில் போடுங்க டாக்டர், அட்டையிலும் எந்தக் கால் என்று எழுதிடுங்க’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

போட்டபின் இருபது முப்பது நிமிடம் அங்கேயே இருங்கள். முகம் வீங்குவது, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். வீட்டுக்கு வந்து ஒருநாள் சுருண்டு படுப்பது, லேசான காய்ச்சல், தீனி குறைவது சகஜம். இரண்டாம் நாள் சரியாகிவிடும். அந்தக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலுக்கு அதை உடைக்கும் சக்தி இல்லை. ஒரே மாத்திரையில் பூனை செத்துவிடும். ஊசியால் சாகாத பூனை நம் கையால் சாகக் கூடாது.

பாசிட்டிவ் என்று உறுதியான பூனை இருந்தால் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும், பச்சை மீன், பச்சைக் கறி கொடுக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். மனிதர்களுக்கும் நாய்க்கும் மாட்டுக்கும் இந்த வைரஸ் தொற்றாது. குழந்தைகள் இருக்கும் வீடென்று துரத்திவிடக் காரணமே இல்லை. வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றைச் சோதித்து, நெகட்டிவ் ஆனவற்றுக்கு ஊசி போட்டு, தட்டும் படுக்கையும் பிரித்துவையுங்கள். லுகேமியா ஊசிக்குத் தயக்கமே இல்லாமல் பணம் கொடுக்க வேண்டிய வீடு இதுதான்.

ஊசி போட்ட காலை வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு முடிச்சு சில வாரம் இருந்து கரைந்துவிடும். மூன்று மாதம் ஆகியும் இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதம் கழிந்தபின்னும் வளர்ந்துகொண்டே போனாலோ அப்படியே விடக் கூடாது, சதை எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். தேதியும் காலும் எழுதிய அந்த அட்டையை அன்றைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.